சேலம், ஏற்காடு பக்கம் சயின்ஸ் சொல்லித்தர்றவங்களுக்கு: ட்ரெயினிங் எங்க கெடைக்கும், அத எப்படி ஊருக்குள்ள கொண்டு போறது

சேலம் மாவட்டத்துல சயின்ஸ், கம்ப்யூட்டர், டெக்னிக்கல் சப்ஜெக்ட் எடுக்கற டீச்சர்ஸ் நெறைய பேர் கேக்கறது ரெண்டு விஷயம்தான். டிபார்ட்மென்ட்ல போடற ட்ரெயினிங் தவிர நாமளா போய் கத்துக்க என்ன இருக்கு, அப்புறம் ஸ்கூலத் தாண்டி ஊருக்குள்ள, மலைக்கு மேல சயின்ஸ கொண்டு போகணும்னா எங்க ஆரம்பிக்கறது. இந்த ரெண்டையும் தனித்தனியா பாக்காதீங்கன்றதுதான் நான் சொல்ல வர்றது. ஒரு ட்ரெயினிங் போனா அதே டேர்ம்ல அதுல கத்துக்கிட்டத வச்சு வெளிய ஒரு நிகழ்ச்சி பண்ணிடுங்க, வெளிய ஒண்ணு பண்ணணும்னு ஆசை வந்தா அதுக்கு எது தெரியலையோ அந்த ட்ரெயினிங்க தேடிப் போங்க. தனியா போன ட்ரெயினிங் சர்ட்டிஃபிகேட்டோட ஃபைலுக்குள்ள போய் படுத்துக்கும், கத்துக்காம பண்ற நிகழ்ச்சி பலூன் ராக்கெட்டோட நின்னுடும்.

அதனால மொதல்ல ட்ரெயினிங் லிஸ்ட்ட தேடாதீங்க. போன வருஷம் எந்தப் பாடம் எடுக்கறப்ப உங்களுக்கே தயக்கமா இருந்துச்சு, எந்தச் சோதனைய செஞ்சு காட்டாம போர்டுல படம் போட்டுத் தாண்டிப் போனீங்க, பசங்க கேட்ட எந்தக் கேள்விக்கு "நாளைக்குச் சொல்றேன்"னு சொல்லிட்டு வந்தீங்க, இத ஒரு பேப்பர்ல எழுதுங்க, மூணு வரி போதும். பயாலஜி படிச்சுட்டு எட்டாவதுக்கு மின்சாரப் பாடம் எடுக்கறவங்க நம்ம ஸ்கூல்கள்ல சாதாரணம், அவங்களுக்கு வேண்டியது மல்ட்டிமீட்டர பயமில்லாம கையில எடுக்கறது, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எடுக்கறவருக்கு வேண்டியது வேற, பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் எடுக்கறவருக்கு இன்னும் வேற. அந்த மூணு வரி இல்லாம போனா எந்த ட்ரெயினிங்கும் நல்லாத்தான் இருந்த மாதிரி தெரியும், திரும்பி வந்தா கிளாஸ்ல ஒண்ணும் மாறியிருக்காது.

பக்கத்துல இருக்கறத மொதல்ல பாருங்க

உத்தமசோழபுரத்துல இருக்கற டயட், அதாவது மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம், நம்மள்ல பல பேருக்கு கூப்பிட்டா மட்டும் போற இடமா இருக்கு. நீங்களா போங்க. அங்க இருக்கற விரிவுரையாளர்கள் ஆக்‌ஷன் ரிசர்ச் பண்ணுவாங்க, உங்க கிளாஸ்ல இருக்கற ஒரு பிரச்சனைய எடுத்துட்டுப் போனா அத ஒரு சின்ன ஆய்வா பண்றதுக்கு வழி சொல்வாங்க. பக்கத்து ஸ்கூல் டீச்சர்ஸ் எல்லாம் கூடற குறுவள மைய கூட்டத்துலயும் வெறுமன கையெழுத்து போட்டுட்டு வராம, ஒரு சோதனைய பையில எடுத்துட்டுப் போய் பத்து நிமிஷம் டைம் கேட்டு செஞ்சு காட்டுங்க. அதுல இருந்துதான் கூட சேர்ற ஆளு கெடைக்கும், தனியா ஓடறவங்க ரெண்டு வருஷத்துல களைச்சுப் போயிடறாங்க.

வானவில் மன்றம் 2022 நவம்பர்ல திருச்சியில ஆரம்பிச்சது, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் அரசுப் பள்ளிப் பசங்களுக்கு நடமாடும் ஆய்வகம் மாதிரி கருத்தாளர்கள் ஸ்கூலுக்கே வந்து சோதனை செஞ்சு காட்டுவாங்க. அவங்க வர்ற அன்னிக்கு நீங்க ஸ்டாஃப் ரூம்ல பேப்பர் திருத்திட்டு இருக்காதீங்க, கூடவே நில்லுங்க, அவங்க கொண்டு வர்ற பொருள என்ன வெலைக்கு எங்க வாங்கினாங்கன்னு கேட்டுக்கங்க. அது உங்களுக்கு காசில்லாத ட்ரெயினிங். சோதனை முடிஞ்சதும் அடுத்த பீரியட்ல அதயே பாடத்தோட சேத்து நீங்க தொடரணும், அங்கதான் உங்க வேலையே ஆரம்பிக்குது.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980ல ஆரம்பிச்ச அமைப்பு, எல்லா மாவட்டத்துலயும் ஆளுங்க இருக்காங்க, சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க இல்ல, நம்மள மாதிரி டீச்சர்ஸ், பேங்க்ல வேலை பாக்கறவங்க, காலேஜ் ப்ரொஃபசர்ஸ், இப்படி. பசங்களுக்காக அவங்க போடற துளிர்ன்ற அறிவியல் பத்திரிகைய ஸ்கூல் லைப்ரரிக்கு சந்தா கட்டி வாங்குங்க. அவங்க கூட்டத்துக்கு ஒரு தடவ போனாலே நம்ம மாவட்டத்துல யார் வானம் பாக்கறாங்க, யார் பறவை பாக்கறாங்க, யார் மந்திரமா தந்திரமா நிகழ்ச்சி பண்றாங்கன்னு தெரிஞ்சுடும்.

கருப்பூர் பக்கம் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கு, 1966ல இருந்து அரசு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. உங்க லேபுக்குப் பசங்கள கூட்டிட்டு வரலாமான்னு டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கு நேரா ஒரு லெட்டர் குடுங்க. "உங்க லேப சுத்திப் பாக்கணும்"னு பொதுவா எழுதாம, "ஒன்பதாவது பசங்க அணு அமைப்பு படிக்கறாங்க, நிறமாலை பாக்கணும், ஒரு மணி நேரம் போதும்"னு எழுதுங்க. என்ன வேணும்னு தெளிவா கேட்டா அவங்களுக்கும் ஒத்துக்கறது சுலபம், பிஜி ஸ்டூடன்ட்ஸ் யாரையாவது ஏற்பாடு பண்ணிடுவாங்க.

வெளியூர் போய் கத்துக்கறது

ஹைஸ்கூல், ஹையர் செகண்டரி டீச்சர்ஸுக்கு நான் மொதல்ல சொல்றது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தோட (ஐஐஎஸ்சி) சள்ளகெரே வளாகம், கர்நாடகா சித்ரதுர்கா மாவட்டத்துல இருக்கு, அங்க திறன் மேம்பாட்டு மையம்னு ஒண்ணு வச்சு சயின்ஸ், மேத்ஸ் டீச்சர்ஸுக்கு தங்கிப் படிக்கற மாதிரி பயிற்சி நடத்தறாங்க. லேபுல கை நனைக்கற ட்ரெயினிங், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நீங்களே செய்யணும். மும்பையில ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கு, 1974ல ஆரம்பிச்சது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட (டிஐஎஃப்ஆர்) ஒரு பகுதி, ஒலிம்பியாட் நடத்தறது அவங்கதான். விக்யான் பிரதிபான்னு அவங்களோட ஒரு திட்டம் முக்கியமா கேந்திரிய வித்யாலயா, நவோதயா மாதிரி ஸ்கூல்களுக்குன்னாலும் அதுல தயாரிச்ச கற்றல் அலகுகள் இன்டர்நெட்ல இலவசமா கெடைக்குது, ஒவ்வொண்ணுலயும் டீச்சருக்குன்னு தனிக் குறிப்பு இருக்கும், அத படிச்சாலே ஒரு பயிற்சி.

குப்பம் தெரியும் இல்லையா, சேலத்துல இருந்து பெங்களூரு போற ட்ரெயின் பாதையில ஜோலார்பேட்டை தாண்டி வர்றது, அங்க அகஸ்தியா ஃபவுண்டேஷனோட பெரிய வளாகம் இருக்கு, கிராமத்துப் பசங்களுக்கு கைல செஞ்சு பாக்கற சயின்ஸ்தான் அவங்க வேலையே. முன்கூட்டியே பேசிட்டு நாலு டீச்சர்ஸா சேந்து ஒரு நாள் போய்ப் பாருங்க. வீட்டுல இருந்தே பாக்கணும்னா அரவிந்த் குப்தாவோட வெப்சைட், குப்பைல தூக்கிப் போடற பொருள்ல பொம்மை செஞ்சு சயின்ஸ் சொல்றது, தமிழ்லயும் வீடியோ இருக்கு. ஐஐடி காந்திநகரோட கிரியேட்டிவ் லேர்னிங் சென்டர் போடற வீடியோ ஹிந்தி கலந்து இருக்கும், ஆனா கை செய்யறத பாத்தாலே புரிஞ்சுடும்.

ஃபிசிக்ஸ்காரங்க ஐஏபிடில மெம்பர் ஆகுங்க, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம், 1984ல ஆரம்பிச்சது, ஹெச்.சி. வர்மா சார் வழிநடத்துற அன்வேஷிகா மையங்கள் அதோட சேந்ததுதான், செய்முறைத் திறனுக்குன்னே தனியா ஒரு தேர்வு வைக்கறாங்க. மேத்ஸ்காரங்களுக்கு சென்னைல ஏஎம்டிஐ, இந்திய கணித ஆசிரியர் சங்கம், இருக்கு, 1965ல இருந்து. வருஷத்துக்கு ஒரு மாநாடாவது நேர்ல போங்க, அங்க டீ குடிக்கறப்ப பேசறதுல கத்துக்கறது மேடைல கத்துக்கறத விட அதிகம்.

காலேஜ்ல இருக்கறவங்களுக்கு வழி நெறைய. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ்ல இருக்கற மூணு சயின்ஸ் அகாடமியும் சேந்து கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் குடுக்கறாங்க, ஸ்டூடன்ட்ஸுக்கு மட்டும்னு நெனச்சுடாதீங்க, டீச்சர்ஸும் போடலாம், ரெண்டு மாசம் ஒரு நல்ல லேபுல உக்காந்து வேலை பாக்கலாம். அதே அகாடமிகள் ரெண்டு வார புத்தாக்கப் பயிற்சியும், உங்க காலேஜ்லயே நடத்திக்கற மாதிரி ரெண்டு மூணு நாள் லெக்சர் வொர்க்‌ஷாப்பும் வச்சிருக்காங்க, காலேஜ் சார்பா விண்ணப்பிக்கணும். சேலத்துல இத்தனை காலேஜ் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு வருஷம் ஏத்து நடத்தினா ஸ்கூல் டீச்சர்ஸும் வந்து பின்னாடி உக்காந்து கேக்கலாம். ரெசொனன்ஸ்ன்ற அறிவியல் பத்திரிகை பெங்களூரு அகாடமியோடதுதான், 1996ல இருந்து வருது, எல்லாம் இலவசமா படிக்கலாம். ஐஐடிகள் சேந்து நடத்தற என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ் ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு தடவ ஆரம்பிக்கும், சேர காசில்ல, பரீட்சைக்கு மட்டும்தான் ஃபீஸ். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் ஆளுங்களுக்கு தரமணியில என்ஐடிடிடிஆர்ன்ற தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் 1964ல இருந்து இருக்கு, ஏஐசிடிஇயோட அடல் எஃப்டிபின்ற ஆசிரியர் பயிற்சிகள் இருக்கு, இது அவங்களுக்கே நல்லாத் தெரியும், நான் நீட்டல.

இங்கிலீஷ்ல பேச வருது, துணிஞ்சு போடலாம்னு இருக்கறவங்க ஜெனிவாவுல துகள் இயற்பியல் ஆராய்ச்சி நடக்கற செர்ன் ஆய்வகத்தோட சர்வதேச ஹைஸ்கூல் டீச்சர் புரோகிராமுக்கு போடுங்க, ரெண்டு வாரம், உலகம் பூரா இருந்து ஃபிசிக்ஸ் டீச்சர்ஸ் வருவாங்க. அப்ளிகேஷன்ல அவங்க பாக்கறது திரும்பிப் போய் என்ன பண்ணுவீங்கன்றததான், நான் மேல சொன்ன மாதிரி வெளிய நிகழ்ச்சி பண்ணின ரெக்கார்டு இருந்தா அங்க எழுத விஷயம் இருக்கும்.

எது வேண்டாம்னும் சொல்லிடறேன். அஞ்சு கேள்விக்கு டிக் அடிச்சா வர்ற இ-சர்ட்டிஃபிகேட்டுக்கு ஞாயித்துக்கிழமைய குடுக்காதீங்க. "சிறந்த ஆசிரியர் விருது, பதிவுக் கட்டணம் இவ்வளவு"ன்னு வர்ற மெசேஜ் எதுவா இருந்தாலும் அழிச்சுடுங்க, நம்மகிட்ட காசு வாங்கிட்டு குடுக்கறது விருது இல்ல.

நம்ம ஊரே லேபு

இப்ப வெளிய கொண்டு போற வேலைக்கு வருவோம். சேலத்துக்காரங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, இங்க பாடப்புத்தகத்துல இருக்கற பாதி விஷயம் கண்ணு முன்னாடி நிக்குது.

ஏற்காடு பஸ்ஸையே எடுத்துக்கங்க. சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமாரா 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனியோட ஆகன் பல்கலைக்கழகத்துல செஞ்சது, இலவசம், போன்ல இருக்கற சென்சார் எல்லாத்தையும் அளவுகருவியா மாத்திடும். அடிவாரத்துல ஆன் பண்ணி வச்சுட்டு மேல போனீங்கன்னா காத்தழுத்தம் எறங்கிட்டே போறது கிராஃபா வரும், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுமாரா 130 ஹெக்டோபாஸ்கல் கொறையும். எல்லா போன்லயும் அழுத்த சென்சார் இருக்காது, கெளம்பறதுக்கு முன்னாடியே செக் பண்ணிக்கங்க. சுழற்சி அளக்கற சென்சார் நெறைய போன்ல இருக்கும், அத ஓட விட்டா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் கிராஃப்ல ஒரு முகடு வரும், இருபது வளைவையும் பசங்க கிராஃப்ல எண்ணிப் பாக்கட்டும். போனே இல்லையா, பரவால்ல. காலி தண்ணி பாட்டில மேல ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல நல்லா மூடி அடிவாரம் கொண்டு வாங்க, ஒடுங்கிப் போயிருக்கும். தண்ணி மேல 95 டிகிரிலயே கொதிச்சுடும், சேலத்துல 99. லேபு தெர்மாமீட்டரே இந்த வித்தியாசத்த காட்டும், ஏற்காட்டுப் பசங்க அவங்க அளவ குறிச்சு கீழ அனுப்ப, கீழ இருக்கற ஸ்கூல் அவங்களோடத அனுப்ப, ரெண்டு ஸ்கூலும் சேந்து ஒரு அட்டவணை போட்டா அது புத்தகத்துல எங்கயும் இல்லாத, அவங்களோட சொந்த டேட்டா. மேல பருப்பு வேக ஏன் லேட்டாகுதுன்னு வீட்டுல அம்மாகிட்ட கேக்கச் சொல்லுங்க, அந்தப் பேச்சு வீட்டுக்குள்ள நடக்கறதுதான் நமக்கு வேணும்.

கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் மேக்னசைட் வெள்ளைக்கல்லு கெடக்கு. அது மெக்னீசியம் கார்பனேட், ஸ்டீல் உருக்கற உலைக்கு உள்பக்கம் வைக்கற செங்கல்லு செய்ய இதுதான் வேணும். பசங்ககிட்ட ஒரு மேக்னசைட் துண்டையும் ஒரு சுண்ணாம்புக்கல் துண்டையும் குடுத்து ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கு எது எதுன்னு கண்டுபிடிங்கன்னு சொல்லுங்க. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டா சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும், மேக்னசைட் கிட்டத்தட்ட சும்மா இருக்கும், பொடி பண்ணி ஆசிட லேசா சூடு பண்ணினாத்தான் நுரைக்கும். வினைவேகம் பாடம் அங்கயே முடிஞ்சுது. கஞ்சமலை ஓடையில காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மணல்ல இழுத்தா கறுப்பா மேக்னடைட் ஒட்டிக்கும், கவர கழட்டினா காகிதத்துல கொட்டிடும். ஏற்காட்டுல பாக்சைட். மூணு தாதுவும் ஒரு மணி நேர தூரத்துக்குள்ள இருக்கற மாவட்டம் எத்தனை இருக்கும்? சுரங்கக் குழிக்குள்ள மட்டும் பசங்கள எறக்காதீங்க, ரோட்டோரத்துல கெடக்கற கல்லே போதும்.

ஜவ்வரிசி ஆலை ஓடற ஊருகள்ல மெடிக்கல் ஷாப்ல கெடைக்கற பொவிடோன் அயோடின் ஒரு பாட்டில் வச்சே ஒரு சாயங்காலம் ஓட்டலாம். குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி, ரேஷன் அரிசி, பச்ச வாழக்கா, பழுத்த வாழப்பழம் எல்லாத்துலயும் ஒரு சொட்டு, எது நீலக்கறுப்பா மாறுது எது மாறலன்னு பாக்கச் சொல்லுங்க, வாழக்கா பழுக்கறப்ப மாவுச்சத்து சர்க்கரையா மாறறது நேராவே தெரியும். ஆலையில வேலை பாக்கற பெரியவங்க கூட்டத்துல நிச்சயம் இருப்பாங்க, மாவ எப்படி வடிகட்டறாங்க, எத்தனை தடவ தெளிய விடறாங்கன்னு அவங்கள பேச விடுங்க, படியவைத்தல், வடிகட்டுதல்னு நாம சொல்றது எல்லாம் அவங்க கையில தெனமும் நடக்கறதுதான். செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிக்கொலுசு வேலை செய்யறவங்க வீட்டுப் பசங்களுக்கு இதே மாதிரி அடர்த்தி பாடம்.

சூரியன் நேர் தலைக்கு மேல வந்து குச்சியோட நிழல் காணாம போற நிழலில்லா நாள் நம்ம ஊருக்கு வருஷத்துல ரெண்டு தடவ வரும், ஏப்ரல் 20, 21 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட் 22, 23 வாக்குல ஒண்ணு, மதியம் பன்னெண்டே கால் தாண்டி. ஏப்ரல்ல பரீட்சை, லீவுன்னு போயிடும், அதனால ஆகஸ்ட்ட பிடிங்க. மேகம் இருக்கும்தான், அதுக்குத்தான் முன்ன பின்ன ஒரு வாரம் தெனமும் ஒரு குச்சியோட நிழல அளக்க வைக்கறது, அந்த நாள் மூடிக்கிட்டாலும் கிராஃப் மிஞ்சும்.

இயற்கை பக்கம் ஆர்வம்னா ரெண்டு சொல்றேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015ல இருந்து பொங்கல் லீவு நாலு நாளும் நடக்குது, பதினஞ்சு நிமிஷம் ஒரு எடத்துல நின்னு பாத்த பறவைகள இபேர்ட்ன்ற வெப்சைட்ல ஏத்தணும், சேலத்துல பறவை பாக்கறவங்க நல்ல ஆளுங்க இருக்காங்க, கூப்பிட்டா ஸ்கூலுக்கு வருவாங்க. இன்னொண்ணு சீசன்வாட்ச், ஒவ்வொரு பையனும் பொண்ணும் ஒரு மரத்த தன்னோடதா எடுத்துக்கிட்டு வாரம் ஒரு தடவ இலை, பூ, காய் பாத்து குறிக்கணும். புளி, புங்கன், வேம்பு, பலா, சரக்கொன்றை, எல்லாம் நம்ம மரம்தான். ஏற்காட்டுல இருக்கற ஸ்கூல்கள் இத கட்டாயம் பண்ணணும்னு நான் நெனக்கறேன், காபி எப்ப பூக்குது, பூ மழை எப்ப வந்துச்சுன்னு அங்க இருக்கற பசங்களுக்குத் தெரியற அளவுக்கு நமக்குத் தெரியாது. தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட ஆர்க்கிட் தோட்டமும் ஏற்காட்டுலயே இருக்கு, முன்கூட்டி லெட்டர் குடுத்துட்டுப் போங்க.

மலைக்கு மேல போறப்ப

சேர்வராயன் மலையில இருக்கற கிராமங்கள்ல மலையாளின்ற பழங்குடி மக்கள் அதிகம், அங்க அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கு. டவுன்ல இருந்து ஒரு குழு போய் பேனர் கட்டி ஃபோட்டோ எடுத்துட்டு எறங்கி வர்றது அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. அந்த ஸ்கூல் டீச்சர்கிட்ட மொதல்ல பேசுங்க, என்ன பாடம் நடக்குது, என்ன பொருள் இல்லன்னு கேளுங்க, நிகழ்ச்சிய நடத்தறது அந்த டீச்சரா இருக்கட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் காபிப்பழம் பறிக்கற சமயம், பெத்தவங்க யாரும் வர முடியாது, பெரிய பசங்களும் தோட்டத்துல இருப்பாங்க, அந்த மாசத்துல ஊர்க்கூட்டம் வைக்காதீங்க. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவும் பாத்துக்கங்க.

உறைவிடப் பள்ளின்றதால ராத்திரி வானம் பாக்க வைக்கறது சுலபம், பசங்க அங்கயே இருக்காங்க. பிப்ரவரி, மார்ச்ல மேகம் கம்மி. வளர்பிறை பாதி நெலா இருக்கற நாள தேர்ந்தெடுங்க, பௌர்ணமி வேண்டாம், பாதி நெலாவுலதான் பள்ளங்களோட நிழல் நல்லாத் தெரியும், நெலா மறைஞ்ச பிறகு நட்சத்திரமும் பாக்கலாம். டெலஸ்கோப் இல்லன்னா பத்துக்கு அம்பது பைனாகுலர் ஒண்ண ஸ்டாண்டுல ஆடாம கட்டினாலே வியாழனோட நாலு நெலாவும் தெரியும். பொண்ணுங்கள மொதல் வரிசைல நிறுத்தி கருவிய அவங்க கையில குடுங்க, இல்லன்னா கடைசி வரைக்கும் பின்னாடியே நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க, இத நான் ஒவ்வொரு எடத்துலயும் பாக்கறேன். ஆர்வம் புடிச்சுக்கிட்ட பசங்கள காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்துக்கு கூட்டிட்டுப் போங்க, திருப்பத்தூர் வழியா ஜவ்வாது மலை, 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கற எடம், பொதுமக்கள விடற நாள் எதுன்னு கேட்டுட்டு கெளம்புங்க.

மலையில சாயங்காலம் ஆனா காட்டெருமை ரோட்டுக்கு வரும், கடைசி பஸ் டைம வச்சுத்தான் நிகழ்ச்சிய முடிக்கணும், ராத்திரி நிகழ்ச்சின்னா தங்கிட்டு காலைல எறங்குங்க.

மே மாசம் ஏற்காடு கோடை விழாவுல மாவட்ட நிர்வாகத்துகிட்ட கேட்டு ஒரு மேசை போடப் பாருங்க, சேலம் புத்தகத் திருவிழாவுலயும் அப்படித்தான். கூட்டம் தானா வர்ற எடத்துக்கு நாம போறது சுலபமான வழி, அங்க விளக்கறது நீங்களா இருக்கக் கூடாது, உங்க பசங்களா இருக்கணும்.

பசங்களோட சேந்து நீங்களும் வளர்ற போட்டிகள்

இன்ஸ்பயர் மானக்ன்ற மத்திய அரசு திட்டத்துல ஸ்கூல் சார்பா பசங்களோட ஐடியா ஏத்தணும், தேர்வான பையனுக்கோ பொண்ணுக்கோ மாடல் செய்ய 10,000 ரூபா நேரா அக்கவுண்டுக்கு வரும். தானியங்கி குப்பைத்தொட்டி, பார்வையில்லாதவங்களுக்கு சென்சார் கைத்தடின்னு எல்லாரும் யூட்யூப்ல பாத்ததயே அனுப்பறாங்க, அது வேண்டாம். அம்மாப்பேட்டைல தறி ஓட்டற வீட்டுல என்ன கஷ்டம், ஜவ்வரிசி காயப்போடற களத்துல மழ வந்தா என்ன பண்றாங்க, மெளகு உதிர்க்கறதுல கை எப்படி எரியுதுன்னு பசங்க வீட்டுல கேட்டுட்டு வரட்டும், அதுல இருந்து வர்ற ஐடியா சின்னதா இருந்தாலும் சொந்தமா இருக்கும். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 10ல இருந்து 17 வயசு வரைக்கும், வழிகாட்டி ஆசிரியர் கட்டாயம் வேணும், நான் டீச்சர்ஸுக்கு ரொம்ப சிபாரிசு பண்றது இதத்தான், ஏன்னா ஒரு கேள்விய எடுத்து அளந்து எழுதி வாதாடறது எப்படின்னு பையனோட சேந்து நீங்களும் கத்துக்கறீங்க. தென்னிந்திய அறிவியல் கண்காட்சியில டீச்சர்ஸுக்கே தனிப் பிரிவு இருக்கு, மாவட்டக் கண்காட்சியில இருந்து மேல போகணும்.

அனுமதி, காசு, ரெக்கார்டு

அனுமதி லெட்டர ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க. எங்க, எப்ப, எத்தனை பசங்க, யார் கூட வர்றாங்க, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எந்தப் பாடத்தோட தொடர்பு, இவ்வளவுதான். ஹெச்எம் வழியா முதன்மைக் கல்வி அலுவலருக்கு, உறைவிடப் பள்ளின்னா பழங்குடியினர் நலத்துறை திட்ட அலுவலருக்கும் ஒரு காப்பி, காட்டுப் பகுதின்னா வனத்துறைக்குத் தனியா. ஆன் டியூட்டி (ஓடி) கேக்கறப்ப பயிற்சியோட அழைப்புக் கடிதத்த வச்சு, திரும்பி வந்ததும் என்ன செய்வேன்னு ரெண்டு வரி சேத்து எழுதுங்க, கையெழுத்து சீக்கிரம் வரும்.

காசு பெரிய தடையா இருந்து நான் பாக்கல, மேல சொன்னதுல பாதி நூறு ரூபாய்க்குள்ள முடியறது. மைக்ராஸ்கோப் மாதிரி கொஞ்சம் பெருசா வேணும்னா நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டம் வழியா கேக்கலாம், பழைய மாணவர்கள கேக்கலாம், பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்எம்சி) கூட்டத்துல வச்சு தீர்மானம் போட்டு வாங்குங்க, கணக்கு நோட்ட எல்லாரும் பாக்கற மாதிரி வைங்க. ஃபோல்ட்ஸ்கோப்னு காகிதத்துல மடிச்ச மைக்ராஸ்கோப் இருக்கு, ஸ்டான்ஃபோர்டுல மனு பிரகாஷ் குழு செஞ்சது, 140 மடங்கு பெருசாக் காட்டும், மலைக் கிராமத்துக்கு எடுத்துட்டுப் போக இதவிட தோதான கருவி இல்ல, பையில வச்சா எடையே தெரியாது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அன்னிக்கு ராத்திரியே ஒரு பக்கம் எழுதி வைங்க. என்ன செஞ்சோம்ன்றத விட பசங்க என்ன கேட்டாங்கன்றத எழுதுங்க, அதுல இருந்துதான் அடுத்து எந்த ட்ரெயினிங் போகணும்னு தெரியும். ஃபோட்டோல பசங்க முகத்த பெத்தவங்க சம்மதம் இல்லாம வெளிய போடாதீங்க, கையும் கருவியும் தெரிஞ்சா போதும். நாலஞ்சு பக்கம் சேந்ததும் அத ஒரு கட்டுரையா பள்ளிக் கல்வித் துறையோட கனவு ஆசிரியர் இதழுக்கோ துளிருக்கோ அனுப்புங்க, இங்கிலீஷ்ல எழுத வந்தா என்சிஇஆர்டியோட ஸ்கூல் சயின்ஸ் காலாண்டிதழ், காலேஜ்காரங்க ரெசொனன்ஸோட கிளாஸ்ரூம் பகுதி.

மலைல நிகழ்ச்சி முடிஞ்சு எறங்கறப்ப பொருள எல்லாம் திருப்பிக் கட்டிட்டு வராதீங்க. ஒரு அட்டைப்பெட்டில காந்தம், அயோடின், ரெண்டு லென்சு, தெர்மாமீட்டர், ஒயரு, எல்இடி, பேட்டரி, தமிழ்ல எழுதின செய்முறைக் குறிப்பு, எல்லாம் போட்டு அந்த ஸ்கூல் டீச்சர்கிட்ட குடுத்து, மூடிக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டி எது தீந்துச்சோ அத பசங்களையே எழுதச் சொல்லிட்டு வாங்க. அடுத்த டேர்ம் போறப்ப அந்தப் பேப்பர ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, தீந்தத வாங்கிட்டு ஏறுங்க.